கராமண்ட்: பெயர் ஒருவருக்கு, எழுத்து இன்னொருவருக்கு

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற பெரிய எழுத்து வார்ப்பு நிறுவனம் ஜெர்சி சிட்டியில் தன் ஆலையோடு ஓர் அச்சுக்கலை நூலகமும் வைத்திருந்தது. அதைக் கட்டி வளர்த்தவர் ஹென்றி லூயிஸ் புல்லன். அவரிடம் உதவி நூலகராக வேலைக்குச் சேர்ந்த பியாட்ரிஸ் வார்டுக்கு அப்போது இருபதைத் தாண்டிச் சில மாதங்கள்தான். நிறுவனம் அந்த நேரத்தில் 'கராமண்ட்' என்ற எழுத்தை விற்று நன்றாகக் காசு பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பாரிசில் க்ளோட் கராமோன் (ஆங்கில உச்சரிப்பில் கராமண்ட்) செதுக்கிய எழுத்து மறுபடி பிறந்திருக்கிறது என்பதுதான் விளம்பரம்.

புல்லன் அதை நம்பவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அச்சான புத்தகம் ஒன்றில்கூட இந்த எழுத்தைத் தான் பார்த்ததில்லை என்று வார்டிடம் சொன்னார். பழைய புத்தகங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து, ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. ஆனால் சம்பளம் கொடுக்கிற நிறுவனத்தின் சரக்கைப் பற்றிய சந்தேகத்தை யார் வெளியே சொல்வார்? நூலக மேசையோடு அந்தப் பேச்சு நின்றது.

இன்று மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆங்கிலக் கடிதம் அடிக்கிறவர்கள் எழுத்துருப் பட்டியலில் 'கராமண்ட்' என்று பார்ப்பது அந்தச் சந்தேகத்துக்குரிய எழுத்தின் உறவுக்காரர்தான். விஷயம் புரிய, எழுத்து எப்படிப் பிறந்தது என்பதிலிருந்து வரவேண்டும்.

எஃகும் மெழுகுவர்த்திப் புகையும்

விரல் நீள எஃகுக் கம்பி ஒன்று. அதன் நுனியில், சில மில்லிமீட்டர் இடத்தில், ஓர் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கவேண்டும். இதுதான் பஞ்ச். ஆங்கிலச் சின்ன 'ஈ'யின் (e) கண் போன்ற உள்வெளியைச் செதுக்கி எடுக்க முடியாது. அதற்கென்று இன்னொரு குட்டிப் பஞ்ச் செய்து, அதை அடித்துப் பள்ளம் போடுவார்கள். வெளிப்பக்கத்தை அரத்தால் ராவுவார்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, நுனியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவைத்துத் தாளில் ஒற்றுவார்கள். கறுப்பாக ஒரு சின்ன எழுத்து விழும். பிடிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் ராவல். கூடுதலாக ராவிவிட்டால் புதுக் கம்பி எடுக்கவேண்டியதுதான்.

முடிந்த பஞ்சைக் கடினமாக்கி, செப்புக் கட்டையில் அடித்தால் பள்ளமாக எழுத்து பதியும். அது மேட்ரிக்ஸ். அதை வார்ப்பு அச்சில் பொருத்தி, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமணியும் கலந்த குழம்பை ஊற்றினால் அச்சகத்தில் அடுக்குகிற ஈய எழுத்து கிடைக்கும். ஒரு பஞ்சிலிருந்து பல மேட்ரிக்ஸ்கள் அடிக்கலாம், ஒரு மேட்ரிக்ஸிலிருந்து ஈய எழுத்தை ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். இதனால்தான் பாரிசில் ஒருவர் செதுக்கியது ஆண்ட்வெர்ப்பிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஒரே நேரத்தில் அச்சேறியது. மேட்ரிக்ஸ் பெட்டி எங்கே போனதோ அங்கே எழுத்தும் போனது. அதை யார் செதுக்கினார் என்ற தகவல் எப்போதும் கூடவே போனது என்று சொல்ல முடியாது.

பாரிஸ்காரர்

க்ளோட் கராமோன் அச்சகம் நடத்திப் புகழ் பெற்றவர் இல்லை. கொஞ்ச காலம் பதிப்பும் பார்த்தார், ஆனால் அவருடைய தொழில் பஞ்ச் செதுக்குவதுதான். 1540 நவம்பரில் அரசர் முதலாம் பிரான்சுவாவுக்காகக் கிரேக்க எழுத்துச் செதுக்க ஒப்பந்தம் ஆனது. அரசவையில் இருந்த ஆங்கெலோ வெர்கேசியோ என்ற கிரேக்கரின் கையெழுத்துதான் மாதிரி. எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கையெழுத்து அது. அச்சுக்கோப்பவருக்குத் தலைவலி, பார்ப்பவருக்கு அழகு. மூன்று அளவுகளில் முடித்துக் கொடுத்தார். அந்தப் பஞ்ச்கள் இன்றும் பிரெஞ்சு அரசு அச்சகத்தின் கையில் இருக்கின்றன. இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவருடைய ரோமன் எழுத்துகளுக்கு, அதாவது நிமிர்ந்து நிற்கும் சாதாரண லத்தீன் எழுத்துகளுக்கு, மூலம் வெனிஸ். ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ 1490-களில் செதுக்கிய எழுத்தைப் பார்த்து 1530-களில் பாரிஸ் அச்சுலகமே பாணி மாறியது. அந்தப் பாணியைத் தேர்ந்த கையால் பல அளவுகளில் செய்து காட்டியவர்களில் கராமோன் முக்கியமானவர். கோட்டின் தடித்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் துருத்தாது. சின்ன எழுத்தின் உடல் குட்டை, தலையும் வாலும் நீளம். 'ஈ'யின் கண் சின்னது. பெரிய 'ஆர்' (R) எழுத்தின் கால் வெளியே நீண்டு போகும். எழுத்தின் நுனிகளில் வரும் செரிஃப்பும் உளியால் வெட்டினதுபோல் இல்லாமல், பேனா நின்று திரும்பின இடம்போல் இருக்கும்.

1561-இல் கராமோன் இறந்ததும் பட்டறைச் சாமான்கள் பிரிந்துபோயின. ஒரு பங்கு பாரிசில் கியோம் லெ பேயிடம் போனது, ஒரு பங்கு ஆண்ட்வெர்ப்பின் பெரிய அச்சகக்காரர் கிறிஸ்தோஃப் பிளாண்டினிடம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. அங்கே எகனோல்ஃப் வார்ப்பகத்தை நடத்தியவர் ஜாக் சாபோன். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர் அவர். சாபோன் இறந்த பிறகு அதே பெண்ணை மணந்துகொண்ட கொன்ராட் பெர்னர் வார்ப்பகத்தையும் ஏற்றுக்கொண்டார். 1592-இல் ஒரு மாதிரித் தாள் அடித்தார். ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் செதுக்கியவர் பெயர்: ரோமன் கராமோனுடையது, சாய்வெழுத்தான இட்டாலிக் ரொபேர் கிரான்ஜோனுடையது என்று. வியாபாரத்துக்காக அடித்த ஒற்றைத் தாள். முந்நூறு வருடம் கழித்து இந்த வழக்கில் அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

செடானில் இன்னொருவர்

ஜான் ஜனோன் 1580-இல் பிறந்தவர். கராமோன் இறந்து ஏறத்தாழ இருபது வருடம் கழித்து. பாரிசில் வேலை பழகினார். புராட்டஸ்டண்ட். அதனால் பிரான்சின் வடகிழக்கு ஓரத்தில் அப்போது தனி ஆட்சியாக இருந்த செடானுக்குப் போய், அங்கிருந்த புராட்டஸ்டண்ட் கல்விக்கழகத்துக்கு அச்சகராக இருந்தார். வேண்டிய எழுத்து வாங்கக் கிடைக்காத இடம். சரி, நாமே செதுக்கிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டார். 1621-இல் தன் எழுத்துகளுக்கு ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டார். 'புதிதாகச் செதுக்கிய' எழுத்துகள் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். மனிதர் எதையும் ஒளிக்கவில்லை.

கராமோன் பாணியைத்தான் அவரும் பின்பற்றினார், ஆனால் கை வேறு. தடிப்பும் மெலிவும் கூர்மையாகப் பிரிந்து தெரியும். எம், என், பி, ஆர் (m, n, p, r) ஆகிய சின்ன எழுத்துகளின் இடது மேல்நுனிச் செரிஃப் செங்குத்தாகச் சரிந்து, கரண்டியால் வழித்ததுபோல் உட்குழிந்திருக்கும். இட்டாலிக் பெரிய எழுத்துகள் ஒன்று ஒருபக்கம் கொஞ்சமாகவும் இன்னொன்று அதிகமாகவும் சாயும். வேலையில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் ஆட்களைப் போல. எனக்கு அந்த ஒழுங்கின்மை பிடிக்கும். ஆனால் கராமோன் கையிலோ கிரான்ஜோன் கையிலோ இது வராது.

1640-இல் லூவர் அரண்மனையில் அரச அச்சகம் தொடங்கியது, பின்னாளில் பிரெஞ்சு அரசு அச்சகம் ஆனது இதுதான். கார்டினல் ரிஷலியூவின் யோசனை. அடுத்த வருடமே ஜனோனிடம் மேட்ரிக்ஸ்கள் வாங்கினார்கள். இங்கே தங்கிப்போனவை பெரிய அளவுகள் மூன்று. 1690-களில் பதினான்காம் லூயி தனக்கென்று 'அரச ரோமன்' என்ற புது எழுத்தைச் செய்யச் சொன்னதும், ஜனோனின் பெட்டி அலமாரியில் பின்னால் தள்ளப்பட்டது. பிறகு டிடோ என்ற அச்சுத்தொழில் குடும்பத்தின் காலம், புரட்சி, பேரரசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ அந்தப் பெட்டியைத் திரும்ப வெளியே எடுத்தபோது அதற்கு 'பல்கலைக்கழக எழுத்து' என்று ஒரு பெயர் ஒட்டியிருந்தது. யார் ஒட்டினது, எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இப்போது வருகிறது. அதே அச்சகத்தில் கராமோனின் கிரேக்கப் பஞ்ச்கள் இருந்தன, அசலானவை, ஒப்பந்தத்தோடு. பக்கத்திலேயே பழைய, அழகான, தகப்பன் பெயர் தெரியாத ரோமன் ஒன்று. இதுவும் அவருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? பழைய வீட்டில் கிடைத்த ஒவ்வொரு பித்தளைச் செம்பும் கொள்ளுத் தாத்தாவுடையது ஆகிவிடுகிற கணக்குதான்.

போட்டி போட்டுக்கொண்டு மறுபிறப்பு

அரசு அச்சகத்தின் இயக்குநர் ஆர்தர் கிறிஸ்தியான் இந்த எழுத்தில் உற்சாகமானார். இல்லாத சிறிய அளவுகளைப் புதிதாகச் செதுக்கிச் சேர்த்தார்கள். 1900-இல் ஓவிய வியாபாரி அம்புருவாஸ் வொல்லார் வெளியிட்ட கவிதை நூல் ஒன்று பியேர் பொன்னாரின் படங்களோடு இந்த எழுத்தில் வந்தது. டிடோ பாணியின் ஊசிக்கோடுகளைப் பார்த்துச் சலித்திருந்த கண்களுக்கு இது புதுசாகத் தெரிந்தது. விஷயம் கடல் தாண்டியது.

அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த கராமண்ட் முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் வந்தது. ஃபிரெடரிக் கௌடி 1921-இல், அச்சுக்கோக்கும் இயந்திரம் செய்த அமெரிக்க மோனோடைப்புக்காக 'கராமோண்ட்' செய்தார். இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் 1922-இல் தன் கராமண்டை வெளியிட்டது. எல்லோருக்கும் மூலம் பாரிஸ் அரசு அச்சகத்தின் மாதிரிகள், அதாவது ஜனோன். இத்தனை பேர் கராமோனை உயிர்ப்பிக்கக் கிளம்பினார்கள், கராமோன் காலத்துப் புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் விஷயம் உடைந்திருக்கும். அரசு அச்சகமே சொல்லும்போது எதற்கு ஒப்பிடவேண்டும் என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒருவர் ஒப்பிட்டிருந்தார் என்பதுதான் வேதனை. ஜான் பையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1914-இல் ஒரு சிறு ஆய்வு வெளியிட்டு, இது கராமோன் எழுத்தாக இருக்க முடியாது என்று சந்தேகம் எழுப்பினார். அந்த வருடம் என்ன வருடம் என்று சொல்லவேண்டியதில்லை. பையார் போரில் இறந்துபோனார். அவர் எழுதியதை அநேகமாக யாரும் படிக்கவில்லை.

தாடிக்காரர் பால் போழோன்

1925-இல் பியாட்ரிஸ் வார்ட் கணவரோடு ஐரோப்பா வந்தார். புல்லன் சொன்னது மனதில் இருந்தது. கராமண்ட் எழுத்துகளின் வரலாற்றைப் பற்றி லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஃப்ளூரன்' இதழுக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதத் தொடங்கினார். இதழாசிரியர் ஸ்டான்லி மோரிசன், மோனோடைப்புக்கும் அவர்தான் ஆலோசகர். பையாரின் ஆய்வையும் வார்ட் தேடிப் படித்தார்.

முடிச்சு அவிழ்ந்த இடம் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகம். பிற்காலத்தில் அவரே சொன்னபடி, வேறு ஏதோ ஒன்றைச் சரிபார்க்கப் போனவர், பழைய புத்தகங்களின் தலைப்புப் பக்கங்களைத் தனியாகத் திரட்டி வைத்திருந்த தொகுதி ஒன்றைச் சும்மா புரட்டினார். ஒரு பக்கத்தில் அந்த எழுத்து. கீழே அச்சிட்டவர் பெயர்: ஜனோன், செடான். உடனே பாரிசுக்குக் கிளம்பி மஸாரின் நூலகத்தில் 1621 மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். எல்லாம் அதில் இருந்தது.

1926-இல் 'ஃப்ளூரன்' ஐந்தாம் இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர் பால் போழோன். பெண் எழுதினாள் என்றால் அச்சுத் தொழிலில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள் என்று வார்டுக்குத் தெரியும். போழோனுக்கு நரைத்த நீளத் தாடி, பேரப்பிள்ளைகள், மோன்பர்னாசில் தெளிவில்லாத ஒரு முகவரி எல்லாம் அவர் கற்பனையில் தயாராக இருந்தன. மோனோடைப் தன் பத்திரிகையை நடத்த போழோனை வேலைக்கு அழைத்தது. வந்து நின்றவர் இருபத்தாறு, இருபத்தேழு வயது அமெரிக்கப் பெண். வேலை கிடைத்தது. அறுபதாம் வயது வரை அந்த நிறுவனத்தில்தான் இருந்தார்.

இதில் கொஞ்சம் நகைச்சுவையும் உண்டு. வார்டின் கட்டுரை மோனோடைப்பின் சொந்தச் சரக்கைத்தான் போட்டு உடைத்தது. நிறுவனம் ஆளை வேலைக்கு எடுத்துக்கொண்டது, எழுத்தின் பெயரை மாற்றவில்லை. விற்றுக்கொண்டிருக்கும் பெயரை வரலாற்றுக்காக யார் கைவிடுவார்?

வார்டும் ஓர் இடத்தில் சறுக்கினார். ஜனோனின் எழுத்து அரச அச்சகத்துக்கு எப்படிப் போனது என்பதற்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார்: 1644-இல் கான் நகரில் ஜனோன் தொடர்புடைய அச்சகத்தில் அதிகாரிகள் புகுந்து பறிமுதல் செய்தார்கள், அப்போது போனது என்று. சோதனை நடந்தது உண்மை. ஆனால் 1641-இலேயே முறையாக விலைபேசி வாங்கிய ஒப்பந்தம் பின்னால் கிடைத்தது. புராட்டஸ்டண்ட் கலைஞனிடமிருந்து அரசு பறித்துக்கொண்டது என்ற கதையின் சுவை இந்த ஒப்பந்தத்தில் இல்லைதான். அதனாலோ என்னவோ, பழைய கதையைத்தான் இன்னமும் பலர் சொல்கிறார்கள்.

அசலுக்கு அடுத்தவர் பெயர்

வார்டின் கட்டுரைக்கு முன்பே ஜெர்மனியில் வேறொரு பாதை திறந்திருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டின் 1592 மாதிரித் தாள் திரும்ப வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அதை வைத்து ஸ்டெம்பல் வார்ப்பகம் 1925-இல் தன் கராமண்டைச் செய்தது. இதுதான் அசல் வழி வந்தது, ஆனால் அதே பெயரில் ஏற்கெனவே நாலைந்து ஜனோன்கள் சந்தையில் நின்றிருந்தார்கள்.

அச்சுக்கோக்கும் இயந்திரம் செய்த இன்னொரு நிறுவனமான இங்கிலாந்தின் லைனோடைப்புக்காக ஜார்ஜ் டபிள்யூ. ஜோன்ஸ் மேற்பார்வையில் இன்னொரு நல்ல கராமோன் ரோமன் தயாரானபோது, இந்தக் கூட்டத்தில் சேரவேண்டாம் என்று அதற்கு 'கிரான்ஜோன்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் 1960-களில் ஜெர்மன் அச்சகக்காரர்கள் எழுத்து வடிவமைப்பாளர் யான் சிஹோல்டிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். கையால் அடுக்கினாலும், லைனோவில் கோத்தாலும், மோனோவில் கோத்தாலும் ஒரே மாதிரி தெரிகிற எழுத்து வேண்டும். காகிதமும் கொஞ்சம் மிச்சமாகவேண்டும். அவர் 1592 தாளில் உள்ள கராமோனை எடுத்துக்கொண்டார். 1967-இல் வெளிவந்தபோது அதன் பெயர் 'சாபோன்', கராமோனின் மேட்ரிக்ஸ்களை ஃபிராங்க்ஃபர்ட்டில் வைத்திருந்த அந்த ஜாக் சாபோனின் நினைவாக.

ஆக, நிலைமை இப்படி: கராமண்ட் என்று பெயர் போட்ட பலவற்றில் இருந்தவர் ஜனோன். கராமோனை நிஜமாகப் பார்க்கவேண்டுமானால் கிரான்ஜோன் என்றும் சாபோன் என்றும் பெயர் போட்ட பெட்டிகளைத் திறக்கவேண்டும்.

சாபோனைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இயந்திரத்தின் கைவிரல் தெரியும். லைனோ மேட்ரிக்ஸ் ஒன்றில் ரோமனும் இட்டாலிக்கும் மேலும் கீழுமாக இருக்கும், இரண்டுக்கும் ஒரே அகலம். அதனால் சாபோன் இட்டாலிக் வழக்கமான இட்டாலிக்கைவிடப் பரந்து உட்கார்ந்திருக்கும். லைனோவில் ஓர் எழுத்து பக்கத்து எழுத்தின் மேல் நீட்டவும் முடியாது, ஆகவே 'எஃப்' தன் கொக்கியைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். கிரான்ஜோன் கண்டால் வருத்தப்படுவார். இருந்தும், இருபதாம் நூற்றாண்டில் புத்தகத்துக்காகச் செய்த மறுவடிவங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். இருந்த கட்டுப்பாட்டை மறைக்காமல் அதற்குள்ளேயே நிதானமாக வேலை பார்த்திருக்கிறார்.

1950-களில் எழுத்து வரலாற்றை ஆராய்ந்த ஹாரி கார்ட்டரும் மைக் பார்க்கரும் ஆண்ட்வெர்ப்பில் இன்னொரு வேலை செய்தார்கள். பிளாண்டினின் அச்சக வீடு, 1870-களில் நகராட்சி வாங்கி மியூசியமாக்கியது, பதினாறாம் நூற்றாண்டுப் பஞ்ச்களையும் மேட்ரிக்ஸ்களையும் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று அவற்றைப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். அதற்குப் பிறகு, அச்சான தாளை நம்பி மட்டும் மறுவடிவம் செய்யவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

கணினிக்குள்

1980-களின் இறுதியில் மென்பொருள் நிறுவனமான அடோபியின் ராபர்ட் ஸ்லிம்பாக் அந்த ஆண்ட்வெர்ப் மியூசியத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1989-இல் அடோபி கராமண்ட்: ரோமன் கராமோன் வழி, இட்டாலிக் கிரான்ஜோன் வழி. 2005-இல் 'கராமண்ட் பிரீமியர்' என்று அதையே விரித்தார். உலோகக் காலத்தில் சின்ன அளவுக்குத் தனிப் பஞ்ச், பெரிய அளவுக்குத் தனிப் பஞ்ச். சின்னது கொஞ்சம் தடிப்பாக, இடைவெளி விட்டு இருக்கும். பெரியது மெலிந்து நெருங்கியிருக்கும். ஒரே வரைபடத்தை ஏற்றி இறக்கினால் இந்த நுணுக்கம் போய்விடும். ஸ்லிம்பாக் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 2011-இல் ஆஸ்திரியாவின் கேயோர்க் டுஃப்னர் யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி 'ஈ.பி. கராமண்ட்' வெளியிட்டார். ஈ.பி. என்றால் எகனோல்ஃப், பெர்னர்; அந்த 1592 தாள்தான்.

நியூயார்க்கின் எழுத்துரு நிறுவனம் ஐ.டி.சி. 1970-களில் வெளியிட்ட கராமண்டை இந்தக் குடும்பத்தில் சேர்ப்பதா என்பதே கேள்வி. உடலை ஊதவைத்து, வாலையும் தலையையும் நறுக்கி, விளம்பரத்துக்காகச் செய்தது. அதை இன்னும் ஒடுக்கி ஆப்பிள் நிறுவனம் 1984 முதல் பல வருடம் தன் விளம்பரங்களில் போட்டது. உலகத்தில் அதிகம் பேர் 'கராமண்ட்' என்று பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

2014-இல் அமெரிக்காவில் ஒரு பள்ளிச் சிறுவன், அரசு அலுவலகங்கள் கராமண்டுக்கு மாறினால் மையில் கோடிக்கணக்கான டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டுச் செய்தியானான். எழுத்துத் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். கராமண்டின் உடல் குட்டை. 12 புள்ளி அளவில் போட்டாலும் பக்கத்து எழுத்துருவைவிடச் சின்னதாகத்தான் விழும். சின்னதாக அடித்தால் எந்த எழுத்துக்கும் மை மிச்சம்தான்.

வேர்டோடு வருவது மோனோடைப் கராமண்ட், அதாவது ஜனோன். இது எனக்குப் புத்தக அறிவாக இல்லாமல் அனுபவமாகத் தெரியவந்தது. ஓர் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்புக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்குக் கராமண்ட்தான் வேண்டும். என்னிடம் வேர்டோடு வந்தது, மெய்ப்புப் பார்த்தவரிடம் அடோபியுடையது. அவர் திருத்தி அனுப்பிய கோப்பைத் திறந்தால், ஓர் அத்தியாயத்தின் தலைப்பு பக்கத்தின் அடியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தது. பொருளடக்கத்தின் பக்க எண்கள் எதுவும் பொருந்தவில்லை. இரண்டு பேரும் போனில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டோம். கடைசியில் சின்ன 'எம்' ஒன்றை இரண்டு எழுத்துருவிலும் 200 புள்ளிக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்தேன். ஒன்றின் இடது மேல்நுனி சாதுவாகச் சரிந்திருந்தது. இன்னொன்று கரண்டியால் வழித்திருந்தது. இருவர் கை, ஒரே பெயர்.

புத்தகத்தை ஈ.பி. கராமண்டில் மறுபடி கட்டினேன். கடைசிப் பக்கத்தில், 'எழுத்து: க்ளோட் கராமோன், ரொபேர் கிரான்ஜோன், ஃபிராங்க்ஃபர்ட் மாதிரித் தாள், 1592' என்று ஆசையாக ஒரு வரி சேர்த்திருந்தேன். ஆசிரியர் அதைச் சிவப்பில் அடித்து, 'கராமண்ட், 11 புள்ளி' என்று எழுதி அனுப்பினார். அப்படியே அச்சானது.